குடிக்கிறவர் வீட்டுக்குச் சபை அரிசி கொடுக்கலாமா, கூடாதா?

வெண்ணாற்றங்கரை | திங்கள் இரவு 9:10

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு சின்னச் சபை எங்களுடையது. கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம், சொந்த நிலம் உள்ளவர்கள் கொஞ்சம். இந்த வருஷம் சம்பாக் கதிர் முற்றி அறுக்கிற நேரத்தில் மழை அடித்து, பயிர் வயலோடு சாய்ந்துவிட்டது. தப்பியதை அறுத்துக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது. நிலம் உள்ளவர்களுக்கே கை முடை என்றால் கூலிக்காரர் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பெண்கள் சங்கத்தில் சேர்ந்த பிடியரிசியும் அறுப்பின் பண்டிகை ஏலப் பணமும் கையில் இருக்கிறது. கஷ்டப்படுகிற வீடுகளுக்கு ஆளுக்கொரு சிப்பம் அரிசி, கொஞ்சம் மளிகை என்று கமிட்டி முடிவு செய்தது. பட்டியல் போடும்போது ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் குடிக்கிறார். கோயிலுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக வந்த அன்றும் வாசலில் நின்று கமிட்டி ஆட்களைக் கண்டபடி பேசிவிட்டுப் போனார். "கொடுத்தா மறுநாளே கடையில வித்துக் குடிப்பான்" என்கிறார்கள். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்ற வசனத்தையும் வாசித்தார்கள்.

மனைவி நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை எல்லாம் போகிறார். இரண்டு பிள்ளைகள். "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிய சுவருக்குக் கீழேதான் இந்தக் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விநியோகம். உங்கள் சபையில் என்ன செய்வீர்கள்?

பழைய_செயலர் | திங்கள் இரவு 9:48

தம்பி, கமிட்டியைக் கல்நெஞ்சக்காரர்கள் மாதிரி காட்டுவது சுலபம். நான் நெடுங்காலம் கமிட்டியில் இருந்தவன், அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். பிடியரிசி யாருடையது? உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்ட அம்மாமாருடையது. அவர்களில் பாதிப் பேர் விதவைகள். அந்த அரிசி கடைக்குப் போய் பாட்டிலாகத் திரும்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அந்த அம்மா கைப்பிடி போடுவாரா?

வேதத்திலும் பட்டியல் இருக்கிறது. 1 தீமோத்தேயு 5-ஐ எடுத்துப் பாருங்கள். விதவைகள் பட்டியலில் சேர அறுபது வயதுக்குக் குறையக் கூடாது, நற்கிரியை செய்திருக்க வேண்டும், சொந்தக்காரர் இருந்தால் அவர்கள்தான் பார்க்க வேண்டும், சபைக்குப் பாரம் வைக்கக் கூடாது என்று அத்தனையும் பவுல் எழுதி வைத்திருக்கிறார். ஆதிச் சபையே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை.

கடைசி_பெஞ்சு | திங்கள் இரவு 10:02

குடிக்காதவர் வீட்டுக்கு மட்டும்தான் என்றால் சில ஊர்களில் கமிட்டி மெம்பர் வீட்டுக்கே சிப்பம் போகாது ஐயா. பொதுவாகச் சொன்னேன், கோபப்பட வேண்டாம் 😄

நர்ஸ்_அக்கா | திங்கள் இரவு 11:15

நைட் டூட்டி. போதை மீட்பு வார்டில் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். பவுல் அதை எழுதியது, வேலையை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசித் திரிந்தவர்களுக்கு. நீங்கள் சொல்கிற வீட்டில் வேலைக்குப் போகிற அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெயரை அடித்தால் பட்டினி யாருக்கு? அவருக்கு இல்லை. குடிக்கிறவருக்கு எப்படியும் யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, "மனதிருந்தா விட்டுடலாமே" என்ற பேச்சு. தினமும் காலையில் கண் விழித்ததும் குடிக்கிற நிலைக்குப் போன உடம்பு வேறு மாதிரி. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதில் உயிரே போகலாம். மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் உட்கார வைத்து, "பிசாசு ஆட்டுது" என்று நாலு பேர் அமுக்கிப் பிடித்து, வலிப்பு வந்த பிறகு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் பண்ண வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பண்ணுங்கள்.

அரிசி விஷயத்தில், மனைவி கையில் கொடுக்கலாம். மூட்டையாக வேண்டாம் என்றால் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். வழியா இல்லை?

பழைய_செயலர் | செவ்வாய் காலை 6:20

அக்கா சொன்ன மருத்துவ விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அந்த ஆள் வாசலில் நின்று எங்களைப் பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை வருத்தமாவது சொல்ல வேண்டாமா? இரக்கம் வேறு, ஒழுங்கு வேறு. ஒழுங்கு இல்லாத சபை சந்தைக்கடை.

தரங்கைக்_காற்று | செவ்வாய் காலை 8:35

வருத்தம் சொன்னால்தான் கொடுப்பேன் என்று லூக்கா 6-ஐ வைத்துக்கொண்டு சொல்ல முடியாது ஐயா. "உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனத்தில் அந்தப் பிதா யாருக்கு நன்மை செய்கிறார் என்று இருக்கிறது. நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும். நம்மிடம் வருத்தம் தெரிவித்தவர்களுக்கு என்று இல்லை.

ஒழுங்கு, கணக்கு என்றீர்கள். அதற்கு நம்ம தஞ்சாவூர்க் கதையையே சொல்கிறேன். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பிறகு திருச்சி, தஞ்சாவூர் என்று வாழ்ந்து 1798-ல் தஞ்சாவூரிலேயே இறந்தவர். ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றி வர மாடு கிடைக்கவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா சொன்னாலும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) சொன்னாலும் ஜனங்கள் நம்பத் தயாராக இல்லை. சுவார்ட்ஸ் தன் பெயரில் கடிதம் எழுதினார், ஒவ்வொரு மாட்டுக்கும் கூலியை என் கையால் தருகிறேன் என்று. ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். பின்னால் கொடுமை தாங்காமல் நிலத்தை விட்டு ஓடின குடியானவர்களில் 7,000 பேர் திரும்பி வந்ததும் அவர் வார்த்தையை நம்பித்தான். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

அதனால் செயலர் ஐயா, கணக்கு எழுதுகிறவர் இரக்கத்துக்கு எதிரி என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு கோட்டைக்குள் பசியோடு கிடந்தவர்களுக்கு உதவியது. உங்கள் கணக்கு யாருக்கு உதவுகிறது என்பதுதான் கேள்வி.

கொள்ளிடத்தான் | செவ்வாய் காலை 9:50

வரலாற்றை எடுத்தால் பாதியோடு நிறுத்தாதீர்கள். அதே மிஷன் கோயில்களில் ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி என்று உட்கார வைத்ததும் நடந்தது. 1833-ல் டேனியல் வில்சன் அத்தியட்சர் (பிஷப்) சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர்ச் சபை இரண்டுபட்டது. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுகிற கை, பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்பியிருக்கிற ஊர்கள் உண்டு.

இன்னொன்று. டெல்டாவில் கிறிஸ்துமஸ் ராத்திரி என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 1968 ஞாபகம் வரும். டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டம். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினதை நான் நாகப்பட்டினத்துப் பக்கத்து வசனமாகத்தான் வாசிப்பேன். ஆறு மாதம் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஏழாம் மாதம் சிப்பம் அரிசி தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் இரக்கம் இல்லை.

நெறியாளர் | செவ்வாய் காலை 10:05

கல்லறைச் சுவர் பற்றி ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் சொல்லிச் சண்டை வேண்டாம். இங்கே அரிசி விஷயத்தோடு தொடருங்கள்.

பூண்டிப்_பயணி | செவ்வாய் பகல் 1:30

நான் கத்தோலிக்கன், பரவாயில்லையா? எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-ல் பாரிஸில் ஒசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்தது. (மேலே கொள்ளிடத்தான் சொன்ன அதே வருஷம், வேடிக்கைதான்.) அவர்கள் முறை ரொம்பச் சாதாரணம். யாருக்கு உதவி வேண்டுமோ அவர் வீட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து போவது. தனியாகப் போகக் கூடாது, கூட்டமாகவும் போகக் கூடாது. உட்கார்ந்து பேசுவது, என்ன வேண்டும் என்று கேட்பது, திரும்பவும் போவது. கோயிலில் பெயர் வாசிப்பது இல்லை.

நீங்கள் எல்லோரும் திங்கட்கிழமையிலிருந்து அரிசி பற்றிப் பேசுகிறீர்கள். அந்த அம்மாவிடம் யாராவது போய்க் கேட்டீர்களா?

பழைய_செயலர் | செவ்வாய் பகல் 2:10

கேட்கப் போகலாம். யார் போவது? அவர் போதையில் இருந்தால் வாசலில் வைத்துக் கல் எறிவார். பெண்களை அனுப்ப முடியுமா? அப்புறம் கணக்கு. எங்கள் சபைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற பிள்ளைகள் போட்டோ கேட்கிறார்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் அடுத்த முறை அனுப்பமாட்டார்கள். இதையெல்லாம் யோசிக்க ஒரு ஆள் வேண்டுமே.

மஞ்சப்பை | செவ்வாய் மாலை 5:40

போட்டோ என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதமாட்டேன்.

சுனாமிக்கு அப்புறம் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு குழு சாமான் கொடுத்தது. நான் அப்போது சின்னப் பையன். ஒரு பக்கெட், அதற்குள் அரிசி, பருப்பு, போர்வை, சோப்பு. அப்பா பக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்தார், கொடுத்தவரும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கேமரா வைத்திருந்தவர் "சார் கொஞ்சம் இந்தப் பக்கம், நீங்க பையனையும் முன்னாடி நிப்பாட்டுங்க" என்றார். எங்கள் தலை பேனரை மறைக்கிறது என்று கீழே உட்காரச் சொன்னார்கள். ஈர மண்ணில் உட்கார்ந்தோம். அப்பாவின் கை பக்கெட்டில் இருந்தபடியே இருந்தது. அந்த அரிசியில்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம், குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றே வளர்ந்தேன். ஆனால் அப்பா அதற்கப்புறம் நிவாரணம் என்று கூப்பிட்ட எந்த வரிசைக்கும் போகவில்லை. அம்மாதான் போவார்.

வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னது கொடுக்கிறவருடைய பெருமையை அடக்க மட்டும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தவனுக்கு வேறு காரணமும் தெரியும்.

நாகை_உப்புக்காற்று | செவ்வாய் இரவு 8:25

தம்பி மஞ்சப்பை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். புதைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. நாகூர் தர்கா இடம் கொடுத்தது, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் அடக்கம் செய்தார்கள். முகம் அடையாளம் தெரியாத உடம்புகளைத் தூக்கியவர்களில் அந்த வட்டாரத்து முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்தும் விலகிப் போக, சமாரியன் மட்டும் தூக்கிக் காப்பாற்றிய அந்த நல்ல சமாரியன் கதையை நாம் வாசிக்கும்போது எப்போதும் நம்மைச் சமாரியன் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். கதை கேட்ட யூதர்களுக்குச் சமாரியன் என்றால் வேண்டாதவன், ஆராதனை முறை தவறியவன். ஆசாரியனும் லேவியனும்தான் உள்ளே இருக்கிறவர்கள், சபை ஆட்கள். எங்கள் ஊரில் அந்த வாரத்தில் சமாரியன் யார் என்று எனக்குத் தெரியும்.

கதிர்க்கட்டு | புதன் காலை 7:00

சொந்த நிலம் உள்ளவன் என்ற முறையில் ஒன்று. லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு என்று இருக்கிறது. போவாஸ் என்ற நிலக்காரர் ஒரு படி மேலே போய், ரூத் என்ற ஏழை விதவை பொறுக்குவதற்காக வேண்டுமென்றே கதிரைச் சிந்த விடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரருக்குச் சொன்னார். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கையில் கொடுக்கவில்லை பாருங்கள். அவள் வேலை செய்து எடுத்துக்கொண்ட மாதிரியே வீட்டுக்குப் போனாள்.

எங்கள் பக்கம் கையறுப்பு இருந்தவரை அறுப்பு முடிந்த வயலில் பெண்கள் இறங்கிக் கதிர் பொறுக்குவார்கள். இப்போது பெல்ட் மெஷின் வந்து ஒரு மணி நேரத்தில் ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது. வைக்கோலையும் கட்டுக் கட்டும் மெஷின் சுருட்டிவிடுகிறது. ஆனால் மெஷின் திரும்ப முடியாத மூலைகள் நிற்கும், அதைக் கையால்தான் அறுக்க வேண்டும். வேதம் சொன்ன அதே ஓரம்! எங்கள் வயலில் அந்த மூலைகளை நாங்கள் அறுப்பதில்லை. யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கவும் போவதில்லை. பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, மூலைக்கு மூலை ஒரு மரக்கால் தேறினால் அதிகம்.

கடைசி_பெஞ்சு | புதன் காலை 7:30

அண்ணே, "பார்க்கப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு மரக்கால் கணக்கு மட்டும் கரெக்டாக வருதே 😄 சும்மா. நல்ல பதிவு.

தரங்கைக்_காற்று | புதன் காலை 9:15

பட்டியல் பேச்சுக்கு ஒன்று சேர்க்கிறேன். அப்போஸ்தலர் 6-ல் ஆதிச் சபையின் முதல் பெரிய முறுமுறுப்பே பந்தி விசாரணை, அதாவது சாப்பாடு பங்கிடுவது பற்றித்தான். கிரேக்கு பேசுகிற விதவைகள் விடுபட்டார்கள் என்ற புகார். அப்போஸ்தலர்கள் "அவர்கள் தகுதி என்ன" என்று விசாரிக்கவில்லை. பொறுப்பாக ஏழு பேரைப் போட்டார்கள். ஏழு பெயருமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரை | வியாழன் இரவு 9:30

பூண்டி அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நேற்றுப் போனோம். நானும், பெண்கள் சங்கத்தில் ஒரு வயதான அம்மாவும். அவர் மேல் யாரும் கல் எறியமாட்டார்கள், ஊருக்கே பிரசவம் பார்த்தவர்.

வீட்டுக்காரர் திண்ணையில் படுத்திருந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த அக்கா எங்களைப் பார்த்ததும் முதலில், "லிஸ்டுல பேரு இல்லன்னு எனக்குத் தெரியும், அதுக்கா வந்தீங்க?" என்றார். பிரசவம் பார்த்த அம்மா, "காப்பித் தண்ணி குடுக்க மாட்டியா, நிக்க வச்சே பேசுற" என்றதும் உள்ளே கூப்பிட்டார். சர்க்கரை இல்லை, வெல்லம் போட்ட காப்பி.

அரிசி வேண்டுமா என்று கேட்டோம். சிரித்தார். "அரிசிதான் ரேஷன்ல சும்மா வருதே தம்பி" என்றார். நாங்கள் ஒரு வாரமாக அடித்துக்கொண்ட பொருள் அந்த வீட்டில் பானை நிறைய இருந்தது. கஷ்டம் வேறு இடத்தில். குழுக் கடன் வாரத் தவணை இரண்டு நிற்கிறது, வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்துகொள்கிறார், பக்கத்து வீட்டார் முன்னால் மானம் போகிறது. அப்புறம், ஆஸ்பத்திரிக்கு அவரே வரத் தயார் என்று பொங்கல் வாக்கிலேயே சொல்லியிருக்கிறார். காலையில் கை நடுங்குவது அவருக்கே பயமாக இருக்கிறதாம். சேர்த்தால் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இந்த அக்கா போய் உட்கார்ந்தால் கூலி போகும், தவணை இன்னும் ஏறும், பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இல்லை. அதனாலேயே தள்ளிக்கொண்டே போகிறது.

கிளம்பும்போது அவர் திண்ணையிலிருந்தே, "அன்னைக்குப் பேசினது தப்புதான்னு சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார். எங்களிடம் சொல்லவில்லை.

கமிட்டியில் இன்று பேசினோம். தவணையை ஏலப் பணத்திலிருந்து அந்தக் குழுத் தலைவி கையில் கட்டிவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்தார். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள்தான் பிரச்சினை. பகலுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள், ராத்திரிக்கு யாரும் கை தூக்கவில்லை. திங்கட்கிழமை சேர்க்கலாம் என்று இருக்கிறோம்.

பூண்டிப்_பயணி | வியாழன் இரவு 9:55

இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனான் பாருங்கள் சமாரியன், அந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அவனும் முதல் ராத்திரி சத்திரத்தில் கூடத் தங்கியிருக்கிறான், மறுநாள்தான் புறப்பட்டான். எந்த ஊர் ஆஸ்பத்திரி? தஞ்சாவூர் என்றால் புதன் ராத்திரி என் கணக்கு.

பழைய_செயலர் | வெள்ளி காலை 5:50

என் கருத்தில் மாற்றம் இல்லை. பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது, தவணை கட்டிய ரசீதைக் கமிட்டி நோட்டில் ஒட்ட வேண்டும், போட்டோ வேண்டுமானால் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். அந்தத் தம்பி எழுதினதைப் படித்தேன்.

தஞ்சாவூர்தானே? செவ்வாய் ராத்திரி நான் இருக்கிறேன். எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை. மன்னார்குடியிலிருந்து கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடுவேன், பாயும் கொசுவத்தியும் யாராவது வாங்கி வைக்கவும். எதற்கும் நர்ஸ் அக்கா ஒரு விஷயம் சொல்லுங்கள், ராத்திரி அவர் எழுந்து போகிறேன் என்று அடம்பிடித்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

நர்ஸ்_அக்கா | வெள்ளி காலை 6:40

பிடித்து இழுக்காதீர்கள் ஐயா, திட்டாதீர்கள், உடனே டூட்டி நர்ஸைக் கூப்பிடுங்கள். லைட்டை முழுக்க அணைக்க வேண்டாம், இருட்டில் பயம் கூடும். யார், எந்த இடம், என்ன நாள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், பத்துத் தடவை கேட்டாலும். வேர்த்தால், நடுக்கம் கூடினால், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

வெண்ணாறு தம்பிக்கு: திங்கள் வரை அவராகக் குடியை நிறுத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள், வீட்டில் வைத்து நிறுத்துவதுதான் ஆபத்து. ஞாயிறு உற்சாகத்தில் யாரும் சத்தியம் வாங்கிவிடாதீர்கள். அதற்குள் நடுக்கம் அதிகமானாலோ வலிப்பு வந்தாலோ திங்களுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுக்க வேண்டும். வலிப்பு முன்னால் வந்திருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். மாற்று லுங்கி நாலைந்து வேண்டும். வியாழன் ராத்திரிக்கு ஆள் இல்லையென்றால் எனக்கு அன்று லீவு.